பாட்டுப் போடாத கசற்

எங்கள் கலியாண வீடியோக் கசற்றில் என் புருஷன் ஜெறோம் ஓயாமல் கதைக்கிறார். கோயில் வாசலில் சுவாமியாரோடு கதைக்கிறார், கேக் வெட்டும்போது என் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், சோடாப் போத்தல் கொண்டுவரும் பெடியனை மறித்து எதையோ கேட்கிறார். ஒரு சொல் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சினிமாப் பாட்டு ஓடும். யாரோ ஒருத்தன் காதலியைத் தேடி மலை மலையாக அலைகிற பாட்டு. எங்கள் ஊர் குருநகரில் மலை எங்கே இருக்கிறது? மீன்வாடியும் வலையும் கருவாட்டு மணமும்தான் இருக்கின்றன. அந்தப் பாட்டு ரேடியோவில் போனால் இப்போதும் நான் எழும்பிப்போய் நிறுத்திவிட்டுத்தான் வருவேன். பக்கத்து வீட்டு ரேடியோவாக இருந்தாலும் நிறுத்துவேன்.

எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். கரையில் மீன் ஏலத்துக்கு நிற்கிற பொம்பிளைக்கு வாய் இல்லாவிட்டால் வெறும் கூடையோடுதான் திரும்பவேண்டும். "ஸ்ரெல்லாக்கா வாறா, வழி விடுங்கோ" என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். எனக்குக் கோபம் வருகிறதற்குக் காரணம் இருக்கிறது.

ஜெறோம் மீன்பிடி றோலரில் கடலுக்குத் தொழிலுக்குப் போனவர். 2007ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். சந்தியில் வைத்து அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டோம் என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அடுத்த நாள் கேட்டால் அதே இரண்டு பேரும் தாங்கள் ஒன்றையும் காணவில்லை என்றார்கள். யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது என்று இன்றுவரைக்கும் எவரும் வாய் திறக்கவில்லை. மகள் றொசாந்தி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். இப்போது அவள் ரவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

அவருடைய படம் இருக்கிறது. காணாமல் போனவர்களைக் கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு முன்னாலும் கோயிலடியிலும் வெயிலில் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்று நின்று அதன் நிறமே போய்விட்டது. தகப்பனுடைய முகம் றொசாந்திக்கு மனப்பாடம். அவள் சின்ன வயதிலிருந்து கேட்டது வேறொன்று.

"அப்பாவின்ரை குரல் எப்பிடியம்மா?"

"ஆம்பிளைக் குரல்."

"ஆம்பிளையள் எல்லாருக்கும் ஒரே குரலே?"

கொஞ்சம் கரகரப்பு, என்னைக் கூப்பிட்டால் பெயரைக் கடைசியில் இழுப்பார் என்று சொல்லி நான் கூப்பிட்டுக் காட்டுவேன். "உது உங்கடை குரல்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நியாயம்தான். உண்மையைச் சொன்னால் எனக்கே அது மறந்துபோய்விட்டது. கரகரப்பு என்ற சொல் மிஞ்சியிருக்கிறது, குரல் போய்விட்டது. எத்தனையோ நாள் வலைக்கம்பி வேலிப் பக்கம் நின்று அவர் என் பெயரைச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

ஆனபடியால் கசற்றுகளைத்தான் நம்பினோம். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சேலைப் பெட்டிக்குள் அவற்றை வைத்திருந்தேன். எங்கள் கலியாணம், ஜெறோமின் தங்கச்சியின் கலியாணம், றொசாந்தியின் ஞானஸ்நானம், யாரோ ஒரு பெறாமகளின் முதல்நன்மை. இத்தனை மாரிகாலம் தாண்டியும் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்றி வைத்தவை. றொசாந்தி வேலைக்குப் போகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ரவுணில் கொடுத்துப் பென் றைவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ரீவியில் செருகிவிட்டு இரண்டு பேரும் முன்னால் குந்தினோம்.

எல்லாம் பாட்டு. தங்கச்சியின் கலியாணத்தில் பாட்டு. முதல்நன்மையில் பக்திப் பாட்டு. ஞானஸ்நானத்தில் ஜெறோம் பிள்ளையைக் கையில் வாங்கி, குனிந்து, அவளுடைய காதோடு வாயை வைத்து ஏதோ சொல்கிறார், நீளமாகச் சொல்கிறார். அந்த இடத்தில் பார்த்து ஒரு தாலாட்டுப் பாட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். பாடுகிறவள் யாரென்று தெரிந்தால் அவளையும் ஏசியிருப்பேன்.

றொசாந்தி அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு வாயசைவைப் பார்ப்பாள்.

"'என்ரை குஞ்சு' எண்டு சொல்லுறார் அம்மா."

"அண்டைக்கு முதல்நாள் விடியவிடிய நீ அவரை நித்திரை கொள்ள விடேல்லை. 'சனியனே' எண்டுதான் சொல்லியிருப்பார்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் மறுபடியும் போட்டாள். நான் குசினிக்குள் போய்ச் சட்டியைப் படார் என்று வைத்தேன். வேறென்ன செய்கிறது.

இந்தக் கசற்றுகளை எடுத்தவர் சுரேஸ் என்ற ஒருவர். அப்போது ரவுணில் சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தார், இப்போது நெல்லியடியில் பெரிய கடை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கடைக்குள் ஏசி போட்டு, ஆகாயத்தில் பறக்கிற கமராவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, ஒறிஜினல் சத்தத்தை ஆர் வைச்சிருக்கிறது?" என்றார். "ஜெனரேற்றர் சத்தம், கோப்பை கழுவுற சத்தம், சனம் கத்துற சத்தம். பாட்டுப் போடாமல் குடுத்தால் உங்கடை ஆக்களே கொண்டுவந்து மூஞ்சையிலை எறிவினம்."

"கமராவுக்குள்ளை இருந்த கசற்?"

"அதை நாங்கள் வைச்சிருக்கிறேல்லை. அப்ப கசற்றுக்குத் தட்டுப்பாடு. அதுக்கு மேலையே அடுத்த கலியாணத்தை எடுத்துப்போடுவம்."

"என்ரை மனுசன்ரை குரலுக்கு மேலை ஆற்றை கலியாணத்தை எடுத்தனீர்?"

 கடையில் அல்பம் பார்த்துக்கொண்டிருந்த மணமகளின் தாய் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு தள்ளி இருந்தாள். நான் இன்னும் நாலு கேட்டேன், எழுதக்கூடிய கேள்விகள் இல்லை. கேட்டு முடிந்ததும் அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்.

"செத்தவீட்டுக்கு மட்டும் நாங்கள் பாட்டுப் போடுறேல்லை அக்கா. அழுற சத்தம் கேக்கவேணும் எண்டு வெளிநாட்டிலை இருக்கிறவை சொல்லுவினம். உங்கடை மாமான்ரை செத்தவீடும் நான்தானே எடுத்தனான். அதிலை உங்கடை அவர் நிண்டு கதைச்சவர், எனக்கு நல்ல ஞாபகம்."

இத்தனை வருஷமாக அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பஸ்ஸில் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். தோன்றாததற்குக் காரணம், அந்தக் கசற் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஜெறோமின் தகப்பன் 2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் செத்துப்போனார். இளைய மகன் வின்சன்ற் பாரிஸில். அவனுக்கு அப்போது அங்கே இருப்பதற்கான விசாக் கார்ட் கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போகமுடியாது. வராத பிள்ளைக்காகத்தான் செத்தவீட்டை வீடியோ எடுப்பது. பெட்டியடியில் அழுகிற பொம்பிளைகள் கமரா வந்தால் அதைப் பார்த்து, "வின்சன்ற், அப்பாவைப் பாரடா" என்று அழுவார்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கமராவுக்கு முன்னால் வந்து பாரிஸில் இருக்கிறவனோடு கதைத்துவிட்டுப் போவார்கள். கூடாத கசற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று மாமியார் லூர்த்தம்மா சொல்லிவிட்டார். ஸ்ரூடியோவிலிருந்து நேரே கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம். அதை எங்களில் ஒருத்தரும் போட்டுப் பார்க்கவில்லை. அன்று நான் அறைக்குள் பிள்ளையோடு இருந்தேன், வெளியே ஜெறோம் கமராவுக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நல்ல காரியத்தில் மனிதர் கதைத்ததற்கெல்லாம் மண் போட்டு மூடிவிட்டு, செத்தவீட்டில் கதைத்ததை மட்டும் வைத்திருந்திருக்கிறோம்.

அன்றே வின்சன்ற்றுக்கு வாட்ஸப்பில் சொன்னேன். அப்பாவின் செத்தவீட்டுக் கசற்றை அங்கே கொடுத்து மாற்றி அனுப்பும், றொசாந்தி தகப்பனுடைய குரலைக் கேட்கவேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றேன். "பாக்கிறன் மச்சாள்" என்று வந்தது. பிறகு சத்தமில்லை. நான் கேட்கிறதும் அவன் பாக்கிறன் என்கிறதுமாக மாரி முழுக்கப் போனது.

மாமாவின் நினைவு நாள் வந்தது. குடும்பக் குறூப்பில் அவன் ஒரு வீடியோ போட்டான். மெழுகுதிரி எரிகிறது, 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத்து வந்து விழுகிறது. பிறகு எங்கள் முற்றம், பந்தல், பெட்டி. செத்தவீட்டுக் கசற்றேதான். றொசாந்தி வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவள், ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஜெறோம் வந்தார். பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு, நேரே எங்களைப் பார்த்துக் கதைத்தார். கையை நீட்டி நீட்டிக் கதைத்தார். நான் போனைக் காதோடு வைத்தேன். வயலின். முழுக்க முழுக்க வயலின்.

றொசாந்தி தோளிலிருந்து கையை எடுத்தாள். மேசையில் மூடி வைத்திருந்த இடியப்பத்தைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.  அந்த நேரம் பாரிஸில் விடிந்திருக்காது. விடியாவிட்டால் எனக்கென்ன, எடுத்தேன்.

"வயலினை ஏன் போட்டனீர்?"

"மச்சாள், அழுகைச் சத்தம் கூடாது எண்டு..."

"உமக்கு ஆர் சொன்னது கூடாதெண்டு? நான் உம்மட்டைக் கேட்டது ஒரேயொரு சாமான். அதுக்கு மேலை நீரும் பாட்டைப் போட்டிட்டீர். கசற்றை அனுப்பும், நான் இஞ்சை குடுத்து மாத்துறன்."

"கசற் இல்லை மச்சாள். பூஞ்சணம் பிடிச்சிட்டுது. எறிஞ்சிட்டன்."

பிறகு நான் சொன்னதை அடுத்த வளவில் இருந்தவர்களும் கேட்டார்கள். தகப்பனுக்குப் பிடி மண் போட வராதவன், தமையன்ரை வாயிலும் மண் போட்டிட்டான் என்றேன். அவன் வைத்துவிட்டான். றொசாந்தி அன்று பின்னேரம் வந்து பென்னை ரீவியிலிருந்து கழற்றி எடுத்துச் சேலைப் பெட்டிக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அவள் குரலைப்பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுப்பெடுத்த பிள்ளை கேட்காமல் விட்டதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஆடி மாதம் யாகப்பர் திருநாளுக்கு வின்சன்ற் வந்து இறங்கினான், மனைவி ஜெயகௌரியோடு. கார்ட் கிடைத்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்து, வயிறும் வைத்துவிட்டது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் வந்து தங்குவதற்கு நான்தான் இருக்கிறேன். வாசலில் நின்று "மச்சாள்" என்றான். "வாரும்" என்றேன். திருநாள் காலத்தில் வீடு தேடி வந்தவனைப் படலையில் வைத்து ஏச எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. சோறு போட்டேன், கறி போட்டேன், தண்ணிச் செம்பை டக்கென்று வைத்தேன்.

ஜெயகௌரி நல்ல பிள்ளை. உடுப்பிட்டிப் பக்கம், சைவக் குடும்பம், பாரிஸில் இவனைக் கண்டு விரும்பிக் கட்டியவள். நண்டு உடைக்கத் தெரியாது, ஆனாலும் குசினிக்குள் வந்து குந்திக்கொள்வாள். திருநாளன்று பூசை முடிந்து வந்து நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரோடை கோவியாதேங்கோ அக்கா," என்றாள். "அவருக்கும் அண்ணை எண்டால் உயிர். வேலைக்குப் போகேக்கை காருக்குள்ளை உங்கடை அவர் கதைக்கிறதைத்தானே போட்டுக் கேக்கிறவர். வேறை பாட்டே இல்லை. பிள்ளையள் ஏறினால் மட்டும் நிப்பாட்டிப்போடுவார்."

நண்டுக்கால் என் கையிலேயே நின்றது.

"என்னத்தைக் கேக்கிறவர்?"

"அதுதான், அந்தச் செத்தவீட்டுக் கசற்றிலை..." என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரிக்கத் தொடங்கினாள். "உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன் அக்கா."

நான் கை கழுவவில்லை. நண்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே ஹோலுக்குப் போனேன். வின்சன்ற் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிக் கிடந்தான். றொசாந்தி திருநாளுக்கு உடுத்த சேலையோடு யன்னலடியில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிவந்த நாளிலிருந்து அவனை நீர் என்றுதான் கதைத்துவந்தேன். அன்று எனக்கு நீ என்று வந்தது.

"எடு போனை."

"என்ன மச்சாள்?"

"காருக்குள்ளை கேக்கிறியே, அதை எடு."

அவன் எழும்பி இருந்தான். குசினி வாசலில் வந்து நின்ற மனைவியைப் பார்த்தான். றொசாந்தி தன் போனைக் கீழே வைத்தாள்.

"பூஞ்சணம் பிடிச்சதெண்டு சொன்னாய். எறிஞ்சிட்டன் எண்டு சொன்னாய். இந்தப் பிள்ளை வாயசைவைப் பாத்துப் பாத்துக் கண் கெட்டுப்போய் இருக்கிறாள், நீ பாரிஸிலை காருக்குள்ளை இருந்து தனியக் கேக்கிறாய். அவர் உனக்கு மட்டும் அண்ணனே? இவளுக்குத் தகப்பன் இல்லையே? உனக்கு நெஞ்சிலை ஈரம் எண்டு ஒண்டு இருக்கோ, அதையும் எறிஞ்சிட்டியோ?"

"அதிலை அண்ணை என்னை ஏசுறார் மச்சாள்." குரல் கீழே போய்விட்டது. "கேக்கக்கூடாத பேச்சு. என்ரை பிள்ளையளுக்கும் நான் போட்டுக் காட்டேல்லை. இவள் கேட்டால் என்னைப்பற்றி என்ன நினைப்பாள்?"

"அவள் உன்னை என்ன நினைப்பாள் எண்டு பயந்தே இத்தனை காலமும் அவளைச் செவிடாக்கி வைச்சிருந்தனீ?"

இன்னும் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரிக் கேட்டேன். தெருவில் திருநாளுக்குப் போன சனம் படலையடியில் தேங்கி நின்றது. நிற்கட்டும்.  கடைசியில் அவன் காற்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, முழங்காலில் வைத்து அழுத்தினான்.

முதலில் அழுகைச் சத்தம். பொம்பிளைகள். எங்கேயோ லூர்த்தம்மா மாமியின் குரல், அதை உடனே பிடித்துக்கொண்டேன். பிறகு கிட்டத்தில், ஒரு ஆம்பிளை தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"வின்சன்ற், பாக்கிறியாடா? பார். நல்லாப் பார். அப்பா கிடக்கிறார்."

 கதிரைப் பிடியைப் பிடித்தேன். கரகரப்புத்தான். ஆனால் நான் நினைத்து வைத்திருந்த கரகரப்பு இல்லை, இன்னும் மெல்லியது, இன்னும் இளசு. என்னைவிட இளைய ஒரு மனிதன் கதைத்துக்கொண்டிருந்தான்.

"சாகிற வரைக்கும் உன்ரை பேரைத்தான் சொன்னவர். நீ வரேல்லை, சரி. உன்ரை நிலைமை எனக்குத் தெரியும். ஆனா நான் உனக்கு ரெலிபோனிலை சொன்னது என்னடா? எத்தினை தரம் சொன்னன். இஞ்சை இருக்கேலாது, ஆரோ எனக்குப் பின்னாலை திரியிறாங்கள், என்னைப் பாரிஸுக்கு எடு எண்டு சொன்னன். என்னை எடுக்கேலாட்டில் ஸ்ரெல்லாவையும் பிள்ளையையும் எண்டாலும் எடு எண்டு சொன்னன். 'பாக்கிறன், பாக்கிறன்.' என்னத்தைப் பாக்கிறாய்? நீ பாத்துக்கொண்டே இரு. என்ரை செத்தவீட்டையும் நீ உந்தக் கசற்றுக்குள்ளைதான் பாக்கப்போறாய், நாய்ப்பிள்ளை."

உள்ளே எங்கோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. "பிள்ளை கத்துறாள்," என்றார் ஜெறோம். "நிப்பாட்டும் சுரேஸ்." அதோடு நின்றது.

 வின்சன்ற் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் பாதி வழியில் நின்று, செத்துப்போனாரோ இல்லையோ என்று தெரியாத அந்த மனிதர்மேல் திரும்பியது. ஆரோ பின்னால் திரிகிறார்கள் என்று ஊருக்கு முன்னால் கமராவுக்குச் சொல்லியிருக்கிறார், பாரிஸுக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் படுத்த எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாண் வாங்க நான் போயிருப்பேனே பாவி.

"எனக்கே அப்ப கார்ட் இல்லை மச்சாள்," என்றான் வின்சன்ற் கைகளுக்குள்ளிருந்து. "நான் என்ன செய்ய? செத்தவீடு எண்டு ஒண்டு வைக்கவும் அண்ணை இல்லை. ஒவ்வொரு நாளும் காருக்குள்ளை இருந்து ஏச்சு வாங்கிறன்."

அவனுக்குச் சொல்ல என்னிடம் வாய் நிறைய இருந்தது. அதற்கு முன் றொசாந்தி வந்து அவன் காலடியில், சேலை கசங்க, நிலத்தில் இருந்தாள்.

"சித்தப்பா, திருப்பிப் போடுங்கோ."

அவன் கண்ணைத் துடைத்தான். "வேண்டாமம்மா. நான் உனக்கு நல்லதா ஒண்டு செய்து தாறன். முதல் 'பாக்கிறியாடா' எண்டு சொல்லுற இடமும், கடைசியிலை 'பிள்ளை கத்துறாள்' எண்டு சொல்லுற இடமும் இருக்குத்தானே. உதை மட்டும் வெட்டி எடுத்துத் தாறன். உனக்கு அது காணும். நடுவிலை உள்ள ஏச்சு உனக்கு என்னத்துக்கு?"

"ஒண்டையும் வெட்டாதேங்கோ," என்றாள். அவள் கத்தவில்லை. என்னுடைய பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எனக்கு ஏச்சும் வேணும். மற்றப் பிள்ளையளுக்கு எத்தினையோ ஏச்சு விழுந்திருக்கும். அப்பா ஏசிக் கேட்டது எனக்கு இது ஒண்டுதான்."

"அது எனக்கு ஏசினது பிள்ளை."

"தெரியும். பரவாயில்லை. போடுங்கோ."

அவன் என்னைப் பார்த்தான், நான் சொல்லித் தடுப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. நான் நண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டப் போய் நின்றேன். ஜெயகௌரி வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். றொசாந்தி போனை அவன் முழங்காலில் நேராக வைத்து, தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனாள். வின்சன்ற் விரலால் தொட்டு அதை முதலிலிருந்து போட்டான்.